மனம் கனத்திருக்கும் நாட்களில் குழந்தையோடு எங்கே போவது? வாசல், பூங்கா, நீர்க்கரை, காடு: ஓர் ஒப்பீடு

வீட்டில் ஒருவருக்கு நோய், ஒரு சாவு, வேலை போன கவலை, பெற்றோருக்குள் பிரிவு என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு நடுவே இரண்டு வயதிலோ நான்கு வயதிலோ ஒரு குழந்தை. "கொஞ்சம் வெளியே போய்ப் பச்சையைப் பார்த்துவிட்டு வாருங்கள், மனசு லேசாகும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரியான யோசனைதான். ஆனால் எங்கே போவது, எவ்வளவு நேரம் இருப்பது, அங்கே போய் என்ன செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை. பொருந்தாத இடத்துக்குப் போனால் கிளம்பியபோது இருந்ததைவிடக் களைத்துத்தான் திரும்ப வேண்டியிருக்கும். அதன் பிறகு இன்னொரு முறை கிளம்ப மனமே வராது.

ஒன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தையோடு இருப்பவர்களுக்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. வீட்டு வாசல் அல்லது மாடி, நடந்து போகும் தூரத்தில் ஒரு பூங்கா, நீர்க்கரை, காடு அல்லது மலை. இவற்றில் எது எப்போது பொருந்தும் என்று பார்ப்போம்.

எதை வைத்து ஒப்பிடுவது

அழகை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். நம் கவனம் இரண்டு வகையில் வேலை செய்கிறது என்பது ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1980களில் வகுத்துச் சொன்ன விளக்கம். கணக்குப் பார்ப்பது, மருத்துவர் சொல்வதை விடாமல் கேட்பது, சாலையைக் கடப்பது எல்லாம் முயன்று செலுத்தும் கவனம். அது தீர்ந்துபோகும், தீர்ந்ததும் எரிச்சலும் மறதியும் வரும். இலை அசைவதையும் மேகம் நகர்வதையும் பார்க்க முயற்சி தேவையில்லை. அவை தாமாகவே கண்ணை இழுக்கின்றன, அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் ஓய்வெடுக்கிறது.

சிறு குழந்தை கூட இருக்கும்போது சிக்கல் இங்கேதான் வருகிறது. பள்ளத்தின் ஓரத்தில் ஓடும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது முழுக்க முழுக்க முயன்று செலுத்தும் கவனம். ஆகவே ஓர் இடம் தரும் ஓய்விலிருந்து அது கேட்கும் காவலைக் கழித்துப் பார்க்க வேண்டும். மிச்சம் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதி. பிரமாதமான அருவிக்கரையில் மிச்சம் எதுவும் இல்லாமல் போகலாம். வேலி போட்ட சாதாரண புல்வெளியில் நிறையவே மிஞ்சலாம்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. கிளம்பவும் போய்ச் சேரவும் ஆகும் நேரம், அங்கே இருக்கப்போகும் நேரத்தைவிட அதிகமா? அதே இடத்துக்கு நாளையும் போக முடியுமா? இரண்டாவது கேள்வி குழந்தைக்காக. வீட்டில் வழக்கங்கள் குலைந்திருக்கும்போது, மாறாமல் இருக்கும் ஒரு மரமும் ஒரு கல்லும் அதற்குப் பிடிமானம். புதுப்புது இடங்களுக்குக் கூட்டிப் போவது குழந்தையை மகிழ்விக்கும் என்று நினைக்கிறோம். நெருக்கடி நாட்களில் அது பெரும்பாலும் குழந்தையைக் கிளறிவிடவே செய்கிறது.

எவ்வளவு நேரம் தேவை? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களே நலமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு தெளிவாகக் கூடியது. அந்த நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் பல நாட்களில் பிரித்துக் கழித்தாலும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. வெளியே போனதால் நலமா, நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களா என்பதை அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. அதே ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் எச்சிலில் உள்ள கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். வெளியே 20 முதல் 30 நிமிடம் இருக்கையில் அது மிக வேகமாகக் குறைந்தது. அதன் பிறகும் குறைந்தது, ஆனால் மெதுவாக. இவை பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள். இருந்தாலும் திட்டமிட இவை போதும்: வாரத்தில் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். மாதத்துக்கு ஒரு முறை போகும் மலைப்பயணத்தைவிடப் பக்கத்துப் பூங்கா முந்துவது இதனால்தான்.

வாசலும் மாடியும்: மோசமான வாரத்துக்கு

உடையை மாற்றவே தெம்பில்லாத நாட்கள் உண்டு. மருத்துவமனையிலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத நாட்களும் உண்டு. அப்போது வாசலே போதும். பச்சையைக் கண்ணால் பார்ப்பதற்கே பலன் உண்டு என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ரோஜர் உல்ரிச் 1984இல் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

வாசலில் செய்வதற்கு ஏற்றது விதை போடுவது. 15 செ.மீ. ஆழமுள்ள, அடியில் துளையுள்ள ஒரு தொட்டி, விளிம்புக்கு 2 செ.மீ. கீழே வரை மண். முள்ளங்கி விதை மூன்று முதல் ஆறு நாளில் முளைக்கும், பீன்ஸ் இன்னும் சில நாள் எடுத்துக்கொள்ளும். முள்ளங்கியை 1 செ.மீ. ஆழத்தில் போட்டால் போதும், பீன்ஸை 2 முதல் 3 செ.மீ. இங்கே எப்போதும் நடக்கும் தவறு ஒன்று உண்டு: குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறை தண்ணீர் ஊற்றும், விதை அழுகிவிடும். ஊற்றாதே என்று தடுத்தால் அழுகை. பக்கத்தில் வெறும் மண் நிரப்பிய இன்னொரு தொட்டியை வையுங்கள், ஊற்றிக்கொண்டே இருப்பதற்கு. விதைத் தொட்டிக்குக் காலையில் ஒரு சிறு கிண்ணம் மட்டும். மண்ணில் விரலை விட்டு முதல் கணு வரை ஈரம் தெரிந்தால் அன்று அதுவும் வேண்டாம். ஒரே ஒரு விதையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை நான்கைந்து விதையாகப் போட்டு வந்தால் ஏதாவது ஒன்று நிச்சயம் முளைத்திருக்கும். வீட்டில் ஒரு சாவு நடந்த வாரத்தில், ஆசையாய்ப் போட்ட ஒற்றை விதையும் முளைக்கவில்லை என்பது குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லை.

மாடி என்றால் கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கைப்பிடிச் சுவருக்கு அருகே நாற்காலி, தொட்டி, பெட்டி என்று ஏறி நிற்க உதவும் எதுவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இல்லாவிட்டால் மாடியை விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள்.

வாசலின் குறை, அது வீடே என்பதுதான். உள்ளே தொலைபேசி அடிக்கும், கழுவாத பாத்திரம் கண்ணில் படும். குழந்தையின் உடம்புக்கும் இந்த இடம் போதாது. 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு நாள் முழுவதிலும் சேர்த்து 180 நிமிட உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வாசல் அதில் சிறு பங்கைத்தான் தரும்.

பூங்கா: பெரும்பாலானவர்களுக்கு இதுவே

நடந்து போக 10, 15 நிமிடம், தெரிந்த பாதை, வேலி, நிழல். இந்த நான்கும் இருந்தால் அந்தப் பூங்கா எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலும் சறுக்கும் இருக்கும் மூலையைத் தவிர்த்து ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விளையாட்டுச் சாதனம் என்றாலே வரிசை, சண்டை, தள்ளிவிடச் சொல்லும் கோரிக்கை, கீழே விழுந்துவிடுமோ என்ற பயம் எல்லாம் கூடவே வரும். அது வேறு ஒரு நாளுக்கு நல்லது. ஓய்வுக்காகப் போகும் நாளில் வேண்டாம்.

எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். சாலை அல்லது வாயில் இருக்கும் பக்கம் நீங்கள், மூடிய பக்கம் குழந்தை. இப்படி உட்கார்ந்தாலே காவல் வேலை பாதியாகக் குறையும். ஓடினாலும் வேலியை நோக்கித்தானே ஓடும். குளம், திறந்த வடிகால், அரளிச் செடி எதுவும் பக்கத்தில் இல்லை என்று முதல் நாளே ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டால், மறுநாளிலிருந்து அந்தக் கவலையும் இல்லை.

கொண்டுபோக வேண்டியவை: அரை லிட்டர் தண்ணீர், ஒரு விரிப்பு, ஒரு மாற்று உடை, துடைக்க ஒரு துணி, குழந்தைக்குப் பழக்கமான தின்பண்டம் கொஞ்சம். இந்தப் பையை வீட்டுக்கு வந்ததும் நிரப்பிக் கதவருகே வைத்துவிடுங்கள். பாதி நாட்கள் கிளம்பாமல் போவது பையைத் தயார் செய்யும் அலுப்பினால்தான்.

நேரம்: குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள். பசியோடோ தூக்கக் கலக்கத்தோடோ இருக்கும் குழந்தையை எந்த மரமும் அமைதிப்படுத்தாது. வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3ஐ எட்டும் வேளையில் நிழல், தொப்பி, உடம்பை மூடும் உடை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நேரடி வெயிலே வேண்டாம். தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்துவது பாதுகாப்பு போலத் தெரியும். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

அந்த அரை மணி நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் ஓட்டம். வீட்டின் இறுக்கம் குழந்தையின் உடம்பிலும் ஏறியிருக்கும். வந்ததும் "சும்மா உக்காரு, குருவியைப் பாரு" என்றால் நடக்காது. ஓடட்டும், உருளட்டும். நீங்கள் மரத்தில் சாய்ந்து மூச்சை மட்டும் பாருங்கள். நான்கு எண்ணும் வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு மெல்லக் குறைவது உடம்பின் இயல்பு. அந்தப் பகுதியை நீட்டுவதன் காரணம் இதுவே. ஐந்து நிமிடம் போதும். கண்ணை மூடத் தேவையில்லை, குழந்தையைப் பார்த்தபடியே செய்யலாம்.

அடுத்த பத்து நிமிடத்தில் குழந்தை தானாகவே உங்கள் பக்கம் வரும். இப்போது தரையில் உட்கார்ந்து அது பார்ப்பதை நீங்களும் பாருங்கள். எறும்பு வரிசை, பட்டையின் சொரசொரப்பு, மல்லாந்து படுத்தால் தெரியும் கிளைகள். கற்றுக்கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டிய இடம் இது. "இது என்ன நிறம்? எத்தனை கால்?" என்று கேட்க ஆரம்பித்தால் குழந்தையும் உழைக்க ஆரம்பித்துவிடும், நீங்களும் உழைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க முடியாது. உள்ளங்கையில் ஒரு சருகை வைத்து ஊதச் சொன்னால் அதே நீண்ட வெளிமூச்சு தானாக வந்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடம் தண்ணீர், தின்பண்டம், கிளம்புவது. கிளம்பும்போது அழுகை வெடிப்பதற்குக் காரணம், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பதற்கு மூன்று வயதில் பொருளே இல்லை என்பதுதான். எண்ணக்கூடிய செயலாகச் சொல்லுங்கள்: "இன்னும் மூணு கல்லைப் பொறுக்கிட்டுக் கிளம்பலாம்." மூன்று என்று சொன்னால் மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவதுக்கு இடம் கொடுத்தால் நாளை பத்துக்குப் போகும்.

தொலைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. தாய் திடீரென முகத்தில் உணர்ச்சியே காட்டாமல் இருந்தால் கைக்குழந்தை ஓரிரு நிமிடத்துக்குள் கலங்கிவிடுவதை எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்து காட்டினார். திரையைப் பார்க்கும் முகம் ஏறக்குறைய அந்த முகம்தான். முக்கியமான அழைப்பை எதிர்பார்த்திருந்தால் ஒலியை முழுதாக ஏற்றிவிட்டுப் பையில் போடுங்கள். அடித்தால் கேட்கும் என்று தெரிந்தால், நொடிக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கும் கை அடங்கும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது அழுகை வந்தால்? வரட்டும். மறைக்க முயன்றால் குழந்தைக்கு எப்படியும் தெரிந்துவிடும். தெரிந்தது என்ன என்றுதான் தெரியாது. "ஏம்மா அழற?" என்று கேட்டால், "அம்மாவுக்கு மனசு கஷ்டமா இருக்குடா செல்லம். உன்னால இல்ல. கொஞ்ச நேரத்துல சரியாயிடும், நீ பக்கத்துல உக்காரு" என்பது போதும். இதில் "உன்னால இல்ல" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் குழந்தைகள், வீட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

நீர்க்கரை: ஓய்வும் அதிகம், காவலும் அதிகம்

நீரின் ஓசை மற்ற சத்தங்களை மூடிவிடும், அசைவு கண்ணை விடாமல் பிடித்து வைக்கும். ஆனால் அதே ஓசைதான் குழந்தையின் குரலையும் மூடுகிறது. சில செ.மீ. ஆழத் தண்ணீரிலேயே சிறு குழந்தை மூழ்கிவிட முடியும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதோ கையசைப்பதோ இல்லை. நீர் அருகே ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் உங்களுக்கும் இடையே கை நீட்டினால் தொடும் தூரம்தான் இருக்க வேண்டும். காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுப் பொருட்கள், பாதுகாப்புச் சாதனங்கள் அல்ல.

ஆழ்ந்த துயரத்தில் இருப்பவருக்கு இந்தக் காவல் பொருந்தாது. எதிரே இருப்பதைப் பார்த்துக்கொண்டே எங்கோ போய்விடுவதுதானே துயரம். அதனால் எங்கள் தீர்ப்பு கறாரானது: தனி ஆளாக, மனம் சரியில்லாத நாளில், சிறு குழந்தையோடு நீர்க்கரைக்குப் போகாதீர்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் போகலாம், காவலை வாய்விட்டு மாற்றிக்கொள்ளும் நிபந்தனையோடு. "இப்ப நீங்க பாத்துக்கோங்க" என்று ஒருவர் சொல்ல, "சரி, நான் பாக்கறேன்" என்று மற்றவர் பதில் சொன்ன பிறகே முதல் ஆள் கண்ணை எடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு மாற்றம். அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் நினைக்கும் இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது.

தனியாக இருப்பவர் நீரைத் தேடினால், தடுப்புக் கம்பி உள்ள பாலமோ உயரமான நடைபாதையோ பார்க்கலாம். அங்கேயும் கையைப் பிடித்தபடி. மழை நாளில் வாசலில் உட்கார்ந்து கூரையிலிருந்து சொட்டுவதைப் பார்ப்பது இதைவிட எளிது.

காடும் மலையும்: புயல் சற்று ஓய்ந்த பிறகு

காட்டில் மெதுவாக உலவுவதை ஜப்பான் வனத்துறை 1982 முதல் உடல்நலப் பழக்கமாகவே பரிந்துரைத்து வருகிறது. பலன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நெருக்கடி உச்சத்தில் இருக்கும்போது இது வேண்டாம். பயணம் நீளம், அலைபேசிச் சமிக்ஞை இருக்காது, வீட்டில் என்ன ஆயிற்றோ என்ற பதைப்பு நிழலையெல்லாம் தின்றுவிடும்.

நிலைமை சீரான பிறகு போவதென்றால், மூன்று வயதுக் குழந்தையின் கால்களுக்கு ஒன்று, ஒன்றரை கி.மீ. போதும். ஒரு கி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். வட்டப் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போன வழியே திரும்பும் பாதையில்தான் எந்த இடத்திலும் முடித்துக்கொள்ள முடியும். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்ப வேண்டும், குழந்தை உற்சாகமாக இருந்தாலும்.

முதுகில் சுமந்தால் உங்களுக்கு வியர்க்கும், அசையாமல் தூங்கும் குழந்தைக்குக் குளிரும். அடிக்கடி அதன் பிடரியைத் தொட்டுப் பாருங்கள்; கை கால் குளிர்ச்சியை வைத்து முடிவு செய்ய முடியாது. கொசு, உண்ணிக்கு விரட்டி பூசுவதானால் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்தது இரண்டு மாதத்துக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது. எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குக் கீழே கூடாது. குன்றிமணி, ஊமத்தை, ஆமணக்கு விதைகள் நஞ்சு. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் குழந்தையின் கையைத் தானாக இழுக்கும் என்பதால் பொறுக்கிய எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மரத்தடி அடைக்கலம் அல்ல.

ஒன்றாகவா, தனித்தனியாகவா

இந்த வழியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. சில நாட்களில் குழந்தையின் ஒவ்வொரு கேள்வியும் தோலில் உரசுவது போல இருக்கும். அன்று இருவரும் சேர்ந்து போனால் இருவருக்கும் பலன் இல்லை. நம்பிக்கையான ஒருவர், தாத்தாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ, குழந்தையை அதே பூங்காவில் அதே மரத்தடியில் வைத்துக்கொள்ள, நீங்கள் முதல் இருபது நிமிடம் தனியே நடந்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம். குழந்தைக்குப் பழகிய இடமாக இருப்பதால் தேடல் குறையும். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். "அப்பா அந்த வளைவு வரைக்கும் நடந்துட்டு வரேன், நீ சித்திகூட இரு" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வரவேண்டும். ஏற்கெனவே ஒருவரை இழந்திருக்கும் வீட்டில், சொன்னபடி திரும்பி வருவது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

உதவிக்கு ஆள் இல்லாதவர் குழந்தை தூங்கியபின் ஜன்னலோரம் அந்த இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்ளட்டும். விளக்கை அணைத்துவிடுங்கள், இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், இடையில் ஒரு முறை திரையைப் பார்த்தாலும் பழக்கம் கெட்டுவிடும்.

இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ சாப்பாடோ குலைந்துவிட்டது என்றால் அதற்கு மரத்தடி மருந்தாகாது, மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். குழந்தை வாரக்கணக்கில் தூங்காமல் அலறினாலோ, பேசிக்கொண்டிருந்தது பேச்சை நிறுத்தினாலோ அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பூங்காவுக்குப் போவதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.